பொழுதும் பொருளும்

சென்ற இரண்டு திங்களாக நமக்கு வரும் கடிதங்களிலும், முன்பதிவுக் கவுண்டரின் முன் நின்று பயணச்சீட்டு வாங்கிக்கொண்டே அன்பர்கள் கேட்கும் கேள்விகளிலும் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. “பாட்டுப் புத்தகத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் திரட்டிவிட்டீர்களாமே! எங்கள் ஊரிலும் ஒரு நாடகம் அரங்கேற்ற எண்ணியிருக்கிறோம். வழி சொல்லுங்கள்” என்கிறார் புசாவல் அன்பர் ஒருவர். பிலாயிலிருந்து எழுதும் அம்மையார், தம் மகன் எடுக்க விரும்பும் குறும்படத்துக்கு எத்தனை நாளில் பணம் சேரும் என்று கேட்கிறார்.

வழி சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனித்தோம். கேட்டவர் எல்லாரும் பணத்தைப் பற்றியே கேட்டனர்; பொழுதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பணம் நமக்கு வந்தது. பொழுதுதான் கைவிட்டது. ஆதலால் இத்திங்கள் இப்பகுதியில் வழக்கமான ரயில்வேச் செய்திகளையும் பள்ளிச் சேர்க்கைக் குறிப்புகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் கணக்கையே எழுதுகிறோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வெளியிட்டிருக்கிறார்; இது மணிக்கணக்கு.

புதிதாகச் சேர்ந்த அன்பர்களுக்காகச் சிறிது முன்கதை. நாகபுரியின் ரயில்வேக் குடியிருப்புகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள தெருக்களிலும், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் புது மணப்பெண்ணாக வந்து இறங்கிய தமிழ் மூதாட்டியர் சிலர் இன்னும் இருக்கின்றனர். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தகரப் பெட்டியும் இட்லிக் கொப்பரையுமாக வந்தவர்கள். அவர்களோடு கூடவே வந்தவை தாலாட்டும் நலங்குப் பாட்டும் கும்மியும். கொப்பரை ஓட்டையாகி மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பாட்டு இன்னும் ஓட்டையாகவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இந்தியும் மராத்தியும் எழுதுகிறவர்கள். அவர்களுக்காக அப்பாட்டுகளைத் தமிழ் எழுத்திலும் தேவநாகரியிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டு, படம் வரைந்து சேர்த்து, ஒவ்வொரு பாட்டின் கீழும் ஒரு க்யூஆர் குறி இட்டு, கைப்பேசியைக் காட்டினால் அந்த மூதாட்டியின் குரலே கேட்கும்படி ஒரு நூல் செய்வதென்று சங்கத்தில் முடிவாயிற்று. ஆயிரம் படிகள். அச்சுக்கு 1,90,000 ரூபாய், ஓவியருக்கு 40,000, ஒலிப்பதிவுக்கு 35,000, அஞ்சலுக்கு 30,000, பணம் திரட்டும் தளத்தின் கட்டணமும் அதன்மீது வரியும் 25,000. ஆக 3,20,000 ரூபாய். சங்கத்தின் கையிருப்போ பொங்கல் விழாவுக்கே போதாது.

இணையத்தில் இதற்கென்றே தளங்கள் உள்ளன. செய்ய எண்ணும் வேலையை விளக்கி, வேண்டிய தொகையையும் கெடு நாளையும் குறித்து வைத்தால், விரும்பியவர் ஐந்நூறோ ஆயிரமோ அனுப்புவர். ஈடாக நூலின் படி கிடைக்கும். சற்று மிகுதியாகத் தந்தால் நூலில் பெயரும் அச்சாகும். இளைஞர் ‘கிரவுட்ஃபண்டிங்’ என்று சொல்வதை நாம் கூட்டுநிதி என்று எழுதுகிறோம். பெயர்தான் புதிது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டது, நூல் வருமுன்னரே பலரிடம் கையொப்பம் வாங்கித்தான். பகலில் கும்பகோணம் கல்லூரியில் பாடம். மற்ற நேரத்தில் அச்சுத் தாள் திருத்தம். அவர் எப்போது உறங்கினார் என்று நாம் அடிக்கடி எண்ணியதுண்டு. பாரதியார் 1920-இல் தம் நூல்களை எல்லாம் நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடனாகப் பணம் வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தார். கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தார். எதிர்பார்த்த பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரே இல்லை.

நம் நினைவுக்கு இன்னும் அணுக்கமான ஒன்று மொய் விருந்து. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் அவ்வூர்களில் ஆடி, ஆவணித் திங்களில் பணத்தேவை உள்ளவர் விருந்து வைப்பார். வந்தவர் உண்டு, மொய் எழுதிச் செல்வர். வாங்கியவர் பின்னால் அவரவர் விருந்துக்குச் சென்று அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். பலர் கூடி ஒரே பந்தலில் விருந்து வைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அங்கே சேரும் தொகையைக் கேட்டு வியப்பவர் பலர். நாம் வியப்பது தொகையை அன்று, காலத்தை. பந்தி முடியும்போது கணக்கும் முடிந்துவிடுகிறது! ஒரே நாளில் முடிவது எப்படி? விருந்து வைக்கிறவர் அதற்கு முன் பல ஆண்டுகள் பிறர் பந்தலில் உட்கார்ந்து மொய் எழுதியிருக்கிறார். அவர் கேட்க வேண்டியதே இல்லை. நோட்டில் பெயர் முன்பே இருக்கிறது.

1976-இல் வெளிவந்த ‘மந்தன்’ என்னும் இந்தித் திரைப்படமும் அப்படியே. சியாம் பெனகல் இயக்கிய அப்படத்துக்குக் குஜராத்தின் பால் கூட்டுறவு உழவர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் தந்தனர். பத்து லட்சம் ரூபாய் சேர்ந்தது. படத்தின் தொடக்கத்தில் அவ்வுழவர்களே படத்தை வழங்குவதாக எழுத்து வரும். 2024-இல் அப்படத்தைப் புதுப்பித்துக் கான் திரைப்பட விழாவில் திரையிட்டபோது செய்தித்தாள்கள் இதை மறுபடியும் எழுதின. ஐந்து லட்சம் வீட்டுக் கதவைப் பெனகல் தட்டவில்லை என்பதை மட்டும் அன்பர்கள் கருத வேண்டும். ஊர்தோறும் சங்கம் இருந்தது. உழவர் நாள்தோறும் பால் ஊற்ற வரும் இடமும் இருந்தது. கேட்டது அங்கே.

மாறாக, ஜான் ஆபிரகாம் தம் ‘அம்ம அறியான்’ மலையாளப் படத்துக்குத் தோழர் குழுவோடு கேரளத்தின் ஊர் ஊராகச் சென்று சில்லறை சில்லறையாகத் திரட்டினார். தமிழில் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ எடுத்தவர் அவரே. 1986-இல் படம் வந்தது. 1987-இல் அவர் மறைந்தார். திரட்டுவதே ஒரு வாழ்க்கையாகிவிடும் வழி அது. அதற்கு வேறு நெஞ்சு வேண்டும். ரயில்வேயில் பணி செய்துகொண்டு அவ்வழியில் போக முடியாது.

நாம் எவ்வழியில் சென்றோம்? மொய் விருந்தென்று எண்ணிக்கொண்டு ஊர் சுற்றப் புறப்பட்டோம் என்பதே உண்மை.

நம் பணி நேரத்தை அன்பர்கள் அறிவர். ஒரு வாரம் காலை 8 முதல் பிற்பகல் 2 வரை. மறு வாரம் 2 முதல் இரவு 8 வரை. ஞாயிறன்று கவுண்டர் 2 மணிக்கே மூடிவிடும். காலைப் பணியில் 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புகளுக்கும் 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் தட்கல் திறக்கும். அந்த இரு வேளையிலும் முதல் சில நிமிடங்கள் மூச்சு விடவும் நேரமிராது. ஆனால் பணி முடிந்து, உணவு முடிந்து, மூன்று மணிக்குமேல் பொழுதெல்லாம் நம்முடையது. காலை வாரத்து அந்தப் பிற்பகலை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

குழுவில் ஐவர். ஓய்வுபெற்ற கார்டு ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், புனேயில் கணினி வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், சங்கப் பொருளாளர், நாம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயின் அடிநிலைப் பணியில் சேர்ந்து, துறைத் தேர்வெழுதி எழுத்தரானவர் நாம். இருந்தும் இப்பத்திரிகையில் எழுதுகிறோம் என்ற ஒரே காரணத்தால், வேண்டுகோள் எழுதுவதும், வரும் கேள்விகளுக்கு மறுமொழி தருவதும், தந்தவர்க்கு நன்றி சொல்வதும் நம் தலையில் விழுந்தன. விழுந்தன என்பதும் பொய். நாமே குனிந்து எடுத்துக்கொண்டோம். பெருமை யாரைவிட்டது?

2025 செப்டம்பர் 1 அன்று தொடங்கி அக்டோபர் 15 அன்று முடிப்பதென்று 45 நாள் குறித்தோம். நாள் மிகுந்தால் பணம் மிகும் என்பது நம் எண்ணம். பயணிகளும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். 2024 நவம்பரில் ரயில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தபோது கவுண்டரில் எத்தனை புலம்பல்! ஆனால் 120 நாள் இருந்தபோது நாம் கண்டது என்ன? திறக்கும் நாளில் கூட்டம். கடைசி வாரத்தில் கூட்டம். இடையில் உள்ள நாட்களில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொட்டாவி. கூட்டுநிதியும் இம்மியும் மாறாது. அமெரிக்காவில் 2009-இல் தோன்றிய கிக்ஸ்டார்ட்டர் என்னும் பெரிய தளம் எந்தத் திட்டத்துக்கும் 60 நாளுக்குமேல் இடம் கொடுப்பதில்லை; முப்பது நாள் அல்லது அதற்கும் குறைவாக வைத்துக்கொள்வதே நன்று என்று அறிவுரையும் கூறுகிறது. இதை நாம் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

முதல் மூன்று நாளில் 92,000 ரூபாய் வந்தது. சங்க உறுப்பினர், உறவினர், உடன் பணியாற்றுவோர். நாம் தரையில் நடக்கவில்லை. நான்காம் நாள் 1,500. ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. அன்று முதல் முப்பதாம் நாள்வரை வந்தது 84,000.

இந்த இடைக்காலம்தான் ஆளைத் தின்பது. பணம் வராத நாளில் மனிதர் இரண்டு மடங்கு உழைக்கிறார். அவ்வுழைப்பால் ஒன்றும் வருவதில்லை. வராதது கண்டு மூன்று மடங்கு உழைக்கிறார். இரவு 9 மணிக்குக் கைப்பேசியை எடுப்போம். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்தி. பெயர் சொல்லி விளித்து, நலம் கேட்டு, அவர் ஊர்ப் பாட்டு ஒன்றைக் குறிப்பிட்டு, பின் வேண்டுகோள். அனுப்பியதைப் படித்தாரா என்று பார்ப்போம். நீலக் குறி விழுந்திருக்கும்; விடை இராது. தளத்தைத் திறந்து தொகை ஏறியதா என்று பார்ப்போம். ஏறியிராது. பத்து நிமிடத்தில் மறுபடியும் பார்ப்போம். நள்ளிரவு பன்னிரண்டரை ஆகிவிடும். நாள்தோறும் மூன்றரை மணி. 45 நாளில் 150 மணிக்கும் மேல். அவற்றில் எழுதியவை எத்தனை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவை எத்தனை என்று பிரித்தால் நாம் நாணமடைய நேரும். பாதிக்குமேல் பார்த்துக்கொண்டிருந்ததே.

நவராத்திரி வந்தது. கொலுப்படி கட்ட மரப்பலகைகளைப் பரணிலிருந்து இறக்கித் தரும் வேலை ஆண்டுதோறும் நம்முடையது. இவ்வாண்டு நம் மனையாளும் பதினோரு வயது மகளும் தாமே இறக்கிக் கட்டினர். “அப்பாவுக்குப் பாட்டுப் புத்தகம் இருக்கிறது, நமக்குப் பாட்டு இருக்கிறது” என்று மகளிடம் அவர் சொன்னது அடுத்த அறையில் இருந்த நம் செவிக்கும் கேட்டது. கேட்கவேண்டுமென்றே சொன்னதுதான்.

அந்த வாரத்திலேயே கவுண்டரில் ஒரு பிழை செய்தோம். வேலூர் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய முதியவர் ஒருவர் படிவத்தில் 26 என்று தெளிவாக எழுதியிருந்தார். நம் விரல் 27 என்று தட்டியது. சீட்டை வாங்கிப் பார்த்தவர் உடனே திருப்பிக் கொடுத்தார். அதை நீக்கிவிட்டு 26-க்கு எடுத்தால், சற்று முன்வரை இருந்த இடம் போய், காத்திருப்போர் பட்டியலில் ஏழாம் எண் வந்தது. மேலாளரிடம் வாங்கிய வசை நமக்கு உரியதே. முதியவர் சினக்கவில்லை. “விடுங்க தம்பி. கண்ணெல்லாம் செவந்திருக்கே, உடம்புக்கு முடியலையா?” என்றார். வசையைவிட அது சுட்டது. அவருக்கு இறுதியில் இடம் உறுதியாயிற்று என்று மறுநாள் பட்டியலைப் பார்த்து அறிந்தோம். நம் பிழையை அது குறைக்கவில்லை.

இனி ஆச்சியைப் பற்றி எழுத வேண்டும். இதைத் தள்ளிப்போடவே இவ்வளவு நேரம் மொய் விருந்தையும் திரைப்படங்களையும் எழுதினோமோ என்றும் தோன்றுகிறது.

தென்காசிப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவர். அகவை 84. கணவர் லோகோ கொட்டகையில் ஃபிட்டராக இருந்து மறைந்தவர். நூலில் வர வேண்டிய முப்பது பாட்டுகளில் பதினொன்று ஆச்சியுடையவை. வேறு யாரிடமும் இல்லாதவை. அவற்றுள் ஒரு தாலாட்டில், பிள்ளைக்குத் தொட்டில் கட்டக் கயிறு எங்கிருந்து வந்தது, கம்பு எங்கிருந்து வந்தது என்று குற்றாலத்துக் காடு முழுவதையும் சுற்றி வருவார். ஆடித் திங்களில் நான்கு பாட்டுகளை நம் கைப்பேசியிலேயே பதிந்தோம். ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பாட்டு நான்கு நிமிடம்தான். மற்றது, அதை யார் யாருக்குப் பாடினார், அந்தப் பிள்ளை இப்போது எங்கே வேலை பார்க்கிறது என்னும் செய்தி. பிற்பகல் நான்கு மணிக்கு எழுந்து காப்பி குடித்து, விளக்கு வைக்கும்வரைதான் பாடுவார். பிறகு குரல் எழாது.

மீதி ஏழையும் பிறகு பதியலாம் என்று குழுவில் முடிவு செய்தோம். பணம் வந்ததும் நல்ல ஒலிவாங்கி வாடகைக்கு எடுத்து, ஒலிப்பதிவு தெரிந்த ஆளையும் அழைத்துச் சென்று, செவ்வையாகச் செய்யலாம் அல்லவா? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நாம்தான் அதை முன்மொழிந்தோம்.

செப்டம்பர் நடுவில் ஒரு நாள் காய்கறிக் கடையில் ஆச்சியின் பேத்தியோடு ஆச்சியும் நின்றிருந்தார். “என்னய்யா, பாட்டுக் கேக்க வாரேன்னு சொன்னியே, ஆளையே காணும்?” என்றார். “பணம் சேர்ந்துக்கிட்டு இருக்கு ஆச்சி. சேர்ந்ததும் வர்றோம்” என்றோம். “எனக்கு எதுக்குய்யா பணம்? நான் சும்மாதான பாடுதேன்” என்றார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டோம்.

அக்டோபர் 1, சரசுவதி பூசையன்று காலையில் ஆச்சிக்குப் பக்கவாதம் வந்தது. வலப்புறம் விழுந்துவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. பிரசாரத்தின் முப்பத்தோராம் நாள் அது. பத்து நாள் கழித்து, நாற்பத்தொன்றாம் நாள், தொகை 3,20,000-ஐ எட்டியது. கெடு முடியும்போது 3,41,500. தந்தவர் 318 பேர். கடைசிப் பத்து நாளில் பணம் வந்ததற்கு நம் நள்ளிரவுச் செய்திகள் காரணமல்ல. எட்டுமா எட்டாதா என்று தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கெடு நெருங்கியதும் தந்தார்கள். இடையில் நாம் உறங்கியிருந்தாலும் தந்திருப்பார்கள்.

இப்போது அன்பர்கள் முன்சொன்ன பிற்பகல்களை நினைவுகூர வேண்டும். ஆடியிலிருந்து அக்டோபர் 1 வரை உள்ளவற்றை விடுவோம். பிரசாரம் தொடங்கிய அந்த முப்பது நாளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நமக்கு இரண்டு வாரம் காலைப் பணி இருந்தது. ஞாயிறு நீங்கலாகப் பன்னிரண்டு பிற்பகல்கள். ஏழு பாட்டுக்கு ஏழு மணி நேரம். நாளொன்றுக்கு இரண்டு பாட்டு என்றால் நான்கு பிற்பகல் போதும். அந்தப் பன்னிரண்டு பிற்பகலிலும் நாம் என்ன செய்தோம்? உறங்கினோம். இரவில் விழித்ததை ஈடுசெய்ய, ஆச்சி காப்பி குடித்துப் பாடத் தயாராகும் நான்கு மணிக்கு, நாம் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தோம்.

ஒலிப்பதிவுக்காகத் திரட்டிய 35,000 ரூபாய் வங்கியில் இருக்கிறது.

நாம் பணம் திரட்டியதைக் குறை கூறவில்லை. அதுவும் உழைப்பே, செம்மையாகச் செய்ய வேண்டியதே. திருமண வீட்டில் வாசலில் நின்று வரவேற்பவர் ஒருவர், அடுப்பங்கரையில் நிற்பவர் ஒருவர். வாசலில் நிற்பவர் சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே ஓடிக் கறிக்கு உப்புப் பார்க்க மாட்டார். நாமோ இரண்டு இடத்திலும் நின்றோம்; வாசலிலேயே பந்தி முடிந்துவிட்டது.

ஆகவே புசாவல் அன்பருக்கு நாம் சொல்வது இது. நாடகத்தின் ஒத்திகை நாட்களை முதலில் நாட்காட்டியில் எழுதுங்கள். யாருக்கு எந்த ஷிப்டு, எந்த வாரம் யார் வெளியூர் லைனில் இருப்பார் என்பதை ஒட்டி எழுதுங்கள். அந்த நாட்களில் பணத்தைப் பற்றிப் பேசவும் கூடாது. பிறகு மிஞ்சும் நேரத்தில் பணவேலையை வையுங்கள். முப்பது நாள் போதும். தொடங்கும் முன்பே மூன்று திங்கள் ஒதுக்கி, யார் யாரிடம் கேட்பது என்ற பட்டியல், நாள்தோறும் வெளியிட வேண்டிய செய்தி, படம், நன்றிக் கடிதம் எல்லாவற்றையும் எழுதி அடுக்கிவிடுங்கள். தொடங்கிய பின் எழுத உட்காராதீர்கள், கை ஓடாது. நம்மைப் போல் பழைய அஞ்சல் கட்டணத்தை வைத்தும் கணக்கிட வேண்டா. 2025-இல் பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள். நூல் அனுப்பும் செலவை அஞ்சலகத்திலேயே ஒரு பொட்டலத்தை நிறுத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

தொகை ஏறியதா என்று பார்க்கும் வேலையை ஒருவரிடம் விடுங்கள். அவரும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்து மற்றவர்க்குச் சொல்லட்டும். நம் குழுவில் கார்டு ஐயா இதற்குப் பொருத்தமானவர். நாற்பதாண்டு ரயிலின் கடைசிப் பெட்டியில் தனியே உட்கார்ந்து சிக்னலைப் பார்த்துப் பழகியவர்; பரபரப்படையமாட்டார். அவரை நாம் கேட்கவே இல்லை. “நான் சும்மாதானே இருந்தேன், ஏன் சொல்லவில்லை?” என்று அவர் பின்னால் கேட்டபோது நம்மிடம் விடையில்லை.

பிலாய் அம்மையாருக்கு: எத்தனை நாளில் பணம் சேரும் என்று நம்மால் கூற இயலாது. தங்கள் மகன் இதுவரை பிறர் எடுத்த படங்களுக்கு உதவியிருக்கிறாரா, அவர்களுக்குக் கொடி பிடித்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் இவ்வாண்டு அதைச் செய்யட்டும். நோட்டில் பெயர் ஏறட்டும்.

தந்தவர் 318 பேருக்கும் நடந்ததை எழுதினோம். தைக்குள் தருவதாகச் சொன்ன நூல் சித்திரையில்தான் வரும் என்றும், பாட்டுகள் முப்பதும் இருக்குமா என்று உறுதி கூற முடியாது என்றும், வேண்டுவோர் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் தெரிவித்தோம். இருவர் திரும்பக் கேட்டனர், அனுப்பிவிட்டோம். பதினேழு பேர் ஆச்சியின் உடல்நிலையைக் கேட்டு எழுதினர்.

ஆச்சி வீட்டில்தான் இருக்கிறார். இடக்கையை அசைக்கிறார், ஆள் தெரிகிறது, பேச்சு வரவில்லை. வர்தாவிலிருந்து அவர் மகள் வந்து தங்கியிருக்கிறார். எஞ்சிய ஏழு பாட்டில் மூன்றுக்கு மகளுக்குச் சொற்கள் நினைவிருக்கின்றன, மெட்டுத்தான் ஐயம். சிறு வயதில் கேட்டது. சென்ற ஞாயிறு கவுண்டரை மூடிவிட்டு நேரே அங்கே சென்றோம். ஒலிவாங்கியும் இல்லை, ஆளும் இல்லை, கைப்பேசிதான். மகள் அந்தத் தொட்டில் பாட்டைப் பாடினார். இரண்டாம் அடியில் ஆச்சி தலையை ஆட்டினார். தவறு என்று பொருள். மறுபடியும் பாடினார். மறுபடியும் தலையாட்டல். மூன்றாம் முறை ஆச்சியின் இடக்கை கட்டிலின் சட்டத்தில் மெல்லத் தட்டத் தொடங்கியது. மகள் அத்தட்டுக்கு ஏற்ப இழுத்துப் பாடிப் பார்த்தார். நான்காம் முறை தலை அசையவில்லை. அந்த அடி முடிந்தது. அடுத்த அடிக்குப் போனோம். விளக்கு வைப்பதற்குள் ஐந்து அடிகள் ஆயின. பாட்டு முழுவதும் இருபத்தொரு அடி.

வரும் வாரம் நமக்குக் காலைப் பணி. நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.